ஒரு தட்டு என்றால் நிறுத்து

பிளாஸ்டிக் ஒட்டுகிற தொழிலில் பேய்க்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், இலங்கை மலையகத்து றொசல்லயில் என் வீட்டு முற்றத்தில் ஆளில்லாத காரின் பின்கதவு தானாகத் திறந்த அந்தப் பிற்பகல் வரைக்கும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, முதலில் என்னைப் பற்றி. பழைய கார்களின் உள்பக்கத்தில் உடைந்துபோகிற பிளாஸ்டிக் சாமான்களை வீட்டில் வைத்தே ஒட்டிக் கொடுத்துப் பிழைத்தவன் நான். கதவுப் பலகை, டேஷ்போட், காற்று வருகிற வாய், எதுவானாலும் சரி. புதுசு கிடைக்காத நாட்டில் உடைந்ததற்கு மரியாதை உண்டு, ஒட்டுகிறவனுக்கும் கொஞ்சம் உண்டு. ஐம்பதைத் தாண்டியதும் நெஞ்சுக்கு அசிட்டோன் வாடை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை மூடினேன். கடை என்றால் முற்றத்துத் தகரக் கூரைதான். ஓய்வு பெற்றுவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். சும்மா கிடக்கிறேன் என்று என் மனைவி மல்லிகா சொல்கிறாள்.

எப்படி ஒட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதைப் போனில் பார்த்தே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். சிலர் என்னைவிட நன்றாகவும் ஒட்டுகிறீர்கள், அதை நான் ரசிக்கவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. வேலை நடுவில் பயம் வந்தால், மூளை முதலில் ஓடிப்போய்விடும், கால் அடுத்து ஓடும். கை மட்டும் நின்று வேலை செய்யவேண்டும். என் கை ஒருநாள் நின்றது. மற்றதெல்லாம் எவ்வளவு தூரம் ஓடியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அந்தக் கார் டயகமப் பக்கத்திலிருந்து வந்தது. பழைய ஜப்பான் கார், மழையில் நின்று நின்று நிறம் வெளுத்தது. ஓட்டிவந்தவர் ஒரு டீச்சர், பெயர் புவனேஸ்வரி. பின்சீட்டின் இடதுபக்கத்தில் அவருடைய சின்ன மகள் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் தலவாக்கலையில். அம்மாவும் மகளும் தினமும் அந்த வளைவுகளில் ஏறி இறங்குகிறவர்கள். அந்தப் பாதையைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இடதுபக்கத்தில் தேயிலை, அதற்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று மூடுபனி விலகினால்தான் தெரியும்.

உடைந்திருந்தது மிகச் சின்னச் சாமான். கதவை உள்ளேயிருந்து திறக்க ஒரு பிடி இருக்குமே, அதைச் சுற்றிக் கிண்ணம் போல ஒரு பிளாஸ்டிக் கூடு உண்டு. அந்தக் கூட்டின் விளிம்பு பிளந்திருந்தது. பிள்ளை உட்கார்ந்திருந்த அதே கதவு.

"எப்படி டீச்சர் ஒடைஞ்சிச்சு?"

"தெரியல அண்ணே. யாரும் தொடல."

"யாரும் தொடாம பிளாஸ்டிக் ஒடையாது டீச்சர். பாப்பா, நீ காலால ஒதைச்சியா?"

பிள்ளை இல்லை என்று தலையை ஆட்டினாள். "தாத்தா தட்டுனாரு."

"அப்ப தாத்தாவ கூட்டிட்டு வா, அவருகிட்டயே காச வாங்கிக்குவோம்."

"தாத்தா செத்துப் போயிட்டாரு."

நான் சிரித்தேன். வாய் என்று ஒன்று இருந்தால் நேரம் காலம் தெரியவேண்டும். டீச்சர் சிரிக்கவில்லை. கதவுக்குள் கையை நீட்டி ஒரு கயிற்றைத் தொட்டுக் காட்டினார். கோவில் காப்புக் கயிறு. மஞ்சளும் சிவப்புமாகப் பல இழைகளை முறுக்கி, விரல் தடிப்பில், திறக்கும் பிடியில் தொடங்கிக் கூட்டின் விளிம்பைத் தாண்டி, கீழே கை வைத்துக்கொள்கிற பிடிவரை சுற்றிக் கட்டியிருந்தது.

"இத மட்டும் வெட்டிறாதீங்க அண்ணே. எங்கப்பா கட்டுனது. இவ பள்ளிக்கூடம் போக தொடங்குனப்ப, திருவிழால வாங்கிட்டு வந்து, ஒரு கையும் பல்லுமா கட்டுனாரு. மத்த கை அவருக்கு வராது."

காப்பை இரும்பு வைத்து வெட்டக்கூடாது என்பது எனக்கும் தெரியும். முடிச்சை நகத்தால் அவிழ்த்து, கயிற்றைத் தாம்பாளத்தில் வைத்து மல்லிகாவிடம் கொடுத்தேன். அவள் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். வேலை முடிந்ததும் இருந்தபடியே சுற்றிக் கட்டினேன். இல்லை, இருந்தபடி இல்லை. ஒரு கையால் கட்டியவரின் முடிச்சு தொளதொளவென்று இருந்தது. நான் இரண்டு கைக்காரன். மரியாதைக்கு ஒரு சுற்றுக் கூட்டி, இறுக்கிக் கட்டினேன். இதை நினைவில் வையுங்கள்.

அடுத்த மழையோடு கார் திரும்பி வந்தது. அதே கூடு, அதே விளிம்பு, அதே பிளவு.

இந்த முறை பிள்ளை வரவில்லை. டீச்சர் மல்லிகா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார். அவருடைய அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறிகளில் பின்னால் நிற்கிறவர் பக்கப் பலகையைத் தட்டித்தான் டிரைவரோடு பேசுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. வாதம் வந்து பேச்சு நின்றபோது அவருக்கு மிஞ்சியது அந்தப் பாஷைதான். பின்சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்துகொண்டு, விரல் முட்டியால் கதவைத் தட்டி மகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். கடைசியாக அவரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனபோது நல்ல மூடுபனி. ஒரு தட்டுக் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒரு தட்டு.

"ஆஸ்பத்திரிக்கி சுருக்கா போகணும்னு நான் நிப்பாட்டல அண்ணே. போய் சேந்து பின்னால பாத்தா..."

மல்லிகா எழுந்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப மிஸ்ட் எறங்குனா அந்த கதவுல ஒரு தட்டு கேக்குது. ஒண்ணே ஒண்ணு. கேட்டதும் திரும்பி பாக்க பயமா இருக்கு. பாத்தா தர்ஷினி சும்மா உக்காந்திருக்கா. 'நான் இல்லம்மா, தாத்தா'ங்கிறா."

"பழைய வண்டி டீச்சர். பழைய வண்டின்னா தட்டும், மொனகும், இருமும். என்னைய மாதிரி," என்றேன். அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். என்னைத் தேற்றிக்கொள்ளத்தான்.

அந்த வாரம் அந்தக் கூட்டுக்கு மாற்று ஒன்று தேடிக் கம்பளைக்குப் போனேன். அங்கே பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற சிங்கள முதலாளி ஒருவர் உண்டு. உடைந்த துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேக்க கெடென்னே நே, மல்லி," என்றார். இது உடைகிற சாமான் இல்லை, தம்பி. இந்த மாதிரி வண்டிகள் எத்தனையோ பிரித்திருக்கிறேன், வண்டியே நசுங்கி வந்தாலும் இந்தக் கூடு முழுசாக வரும், கேட்க ஆளில்லாமல் குப்பையில் போட்டுவிடுவேன் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனவர், கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். "உள்ளே யார் உட்காருகிறார்கள்?"

அந்தக் கேள்வியில் ஒரு தொழில்காரன் பிடிக்கவேண்டிய நூல் இருந்தது. உடையாத சாமான் உடைகிறதென்றால் ஏதோ ஒன்று அதை உடைக்கிறது. என்ன அது? இதைத்தான் நான் கேட்டிருக்கவேண்டும். என் காதில் விழுந்ததோ வேறு. உள்ளே யார் உட்காருகிறார்கள்? பஸ்ஸில் திரும்பி வரும்போது என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, நான் எழுந்து நின்றுகொண்டே வந்தேன்.

இருந்ததெல்லாம் குப்பைக்குப் போயிருந்தது, மாற்றுக் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவையும் ஒட்டிக் கொடுத்தேன், கயிற்றை இன்னும் பக்தியாகக் கட்டினேன். மூன்றாம் தடவையும் அதே இடத்தில் பிளந்து வந்தபோது எனக்கு ரோசம் வந்துவிட்டது. பயமும் ரோசமும் சேர்ந்தால் மனிதன் கெட்டியாக வேலை செய்வான். கூட்டின் பின்பக்கத்தில் கம்பி வலையைச் சூடு வைத்துப் பதித்து, அதன்மேல் பிளாஸ்டிக் கூழை இரண்டு படையாகப் பூசினேன். சுத்தியலால் அடித்தாலும் உடையாது. தாத்தா தட்டட்டும், பார்க்கலாம் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு நாலு பக்கமும் பார்த்துக்கொண்டேன்.

காரைக் காலையில் விட்டுவிட்டு டீச்சரும் பிள்ளையும் சாமான் வாங்க ஹட்டனுக்குப் பஸ்ஸில் போயிருந்தார்கள். பிற்பகலுக்குள் எல்லாவற்றையும் பூட்டி, கயிற்றையும் கட்டி முடித்தேன். எங்கள் முற்றம் ரோட்டுப் பக்கமாகச் சரிந்தது. காரை முகம் கீழே பார்க்க நிறுத்தி, சில்லு உருளாமல் கல் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். வீட்டுக்கு மேலே ரயில் பாதை. அங்கேயிருந்து மூடுபனி இறங்க ஆரம்பித்தது. முதலில் பாதை போனது, பிறகு கொய்யா மரம் போனது, பிறகு கோழிக்கூடு. காரின் இடதுபக்கக் கண்ணாடி மேல்வரை ஏறாது, விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். தாத்தாவுக்குக் காற்று வேண்டும் என்று அப்படியே விட்டிருந்தார்களாம். அந்த இடைவெளி வழியாகப் பனி, அழைத்துவைத்த விருந்தாளியைப் போல, உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மேலே ரயில் ஒன்று போனது. சத்தம் மட்டும் போனது, ரயிலைக் காணவில்லை. அது தேய்ந்து அடங்கிய பிறகு வந்த நிசப்தத்தில் கேட்டது.

டக்.

ஒரே ஒரு தட்டு. மரத்தில் விரலை மடக்கித் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

பக்கத்தில் கிடந்த சூடு வைக்கிற கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டேன். தைரியத்தில் இல்லை, கைக்கு அகப்பட்டது அது. காருக்குள், கூரையில் இருக்கிற சின்ன விளக்கு எரிந்தது. மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் பின்சீட்டு காலியாகத் தெரிந்தது. பிறகு இடதுபக்கப் பின்கதவு மெதுவாக, மிக மெதுவாக, வயதானவர் ஒருவர் உள்ளேயிருந்து தள்ளுவதைப் போல, முழுசாகத் திறந்தது. திறந்து அப்படியே நின்றது. யாரோ இறங்குவதற்கு நேரம் கொடுப்பது போல.

அடுத்து எனக்கு நினைவிருப்பது குசினி. மல்லிகா அடுப்பின் முன்னால் நின்றாள், நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். என் கையில் சூடு வைக்கிற கம்பி இருந்தது. அதன் பிளக் வயர் முற்றத்திலிருந்து என்னோடு இழுபட்டு வந்திருந்தது. வருகிற வழியில் முருகனைக் கூப்பிட்டிருக்கிறேன், பக்கத்து வீட்டு மாதாவையும் கூப்பிட்டிருக்கிறேன். யார் வந்தாலும் சரி என்ற நிலை.

"என்னங்க, அந்த கம்பிய கீழ வைங்க. எம் முதுக பொசுக்கிறாதீங்க."

"கதவு தெறந்துருச்சு மல்லிகா."

"தெறந்தா மூடுங்க."

"தானா தெறந்துச்சு!"

"அப்ப தானா மூடிக்கும்னு காத்துக்கிட்டு இருக்கீங்களா? போங்க, டீச்சர் வர்ற நேரம்."

போனேன். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனேன். எட்ட நின்று, காம்பால் கதவைத் தள்ளி மூடினேன். மூடியதும் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். தம்பிமாரே, என் முழுத் தொழில் வாழ்க்கையிலும் நான் செய்த படுமோசமான வேலை அதுதான். ஒரு கதவு தானாகத் திறந்திருக்கிறது, கையை வைத்து ஏன் என்று பார்க்கவேண்டியவன் விளக்குமாற்றுக் காம்பால் மூடுகிறான். அவனுக்கு அதன் காரணம் வேண்டாம், முற்றத்தை விட்டு அது போனால் போதும்.

டீச்சர் பைகளோடு வந்து சேர்ந்தபோது பனி இன்னும் கெட்டியாகியிருந்தது.

"முடிஞ்சுதா அண்ணே? இருட்டுறதுக்குள்ள போயிரணும்."

"முடிஞ்சுது டீச்சர், முடிஞ்சுது. இனி ஒடையாது. கொண்டு போங்க, சுருக்கா கொண்டு போங்க." சாவியை நான் கொடுத்த வேகத்தில் அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"தட்டுச்சா?"

இதற்கு நான் பதில் சொல்லியிருக்கவேண்டும். "பழைய வண்டிதானே டீச்சர்," என்றேன்.

பிள்ளை இடதுபக்கத்தில் ஏறினாள். மறுபக்கத்தில் பைகள், அதோடு இது தாத்தா இடம், வேறெங்கும் உட்காரமாட்டாள். டீச்சர் கதவை நன்றாக அடித்து மூடினார். சில்லுக் கல்லை எடுத்தேன். கார் முற்றத்தில் மெல்ல இறங்கியது. எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பரவியது. போகட்டும். எங்கே போனாலும் சரி, இங்கேயிருந்து போகட்டும்.

ரோட்டில் ஏறித் திரும்பும்போது பனிக்குள் காரின் உருவம் மறைந்துவிட்டது. பின்பக்கச் சிவப்பு விளக்குகள் இரண்டு தெரிந்தன. அவற்றுக்கு நடுவில், கொஞ்சம் மேலே, மஞ்சளாக இன்னொன்று எரிந்தது.

கூரை விளக்கு.

அந்த ஒரு கணத்தை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். உடம்பு முழுக்கப் பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஒட்டுகிறவன் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பேய்க்கு வெளிச்சம் எதற்கு? அந்த விளக்கு எரிவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. கதவு சரியாக மூடியில்லை. இப்போதுதான் அடித்து மூடிய கதவு. அந்தக் கதவில் சாய்ந்துதான் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த வளைவு வலதுபக்கம் திரும்புகிறது. அப்படித் திரும்பினால் உள்ளே இருப்பதெல்லாம் இடதுபக்கம் சாயும்.

ஓடினேன். ஒரு செருப்பு முற்றத்தில் கிடந்தது, மற்றது ரோட்டில். கூப்பிட்டுப் பார்த்தேன், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நல்லவேளை, ரோட்டில் ஒரு பள்ளத்துக்காக டீச்சர் வேகத்தைக் குறைத்தார். எட்டிப் பிடித்து, டிக்கியின்மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன்.

ஒரே ஒரு தட்டு.

கார் நின்றது. பிரேக் பிடித்து நின்ற மாதிரி இல்லை, மூச்சு நின்ற மாதிரி நின்றது. நின்ற அசைவில் இடதுபக்கக் கதவு முழுசாகத் திறந்து வெளியே ஆடியது. பிள்ளையின் ஒரு கால் வெளியே தொங்கியது. கீழே ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடுகிற கான், கானுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகப் பனி, வேறொன்றும் இல்லை. அவள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கொஞ்சமும் பயமில்லை.

"மாமா, தாத்தா கதவ தெறந்து விட்டாரு."

டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"தட்டுனது யாரு அண்ணே?"

"நாந்தான் டீச்சர். நாந்தான். பயப்படாதீங்க."

"அப்பான்னு நெனச்சுத்தான் நிப்பாட்டுனேன்," என்றார். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.  பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அது தானாகத் திறந்த பிறகு முதல்தடவையாக அந்தக் கதவில் கையை வைத்தேன்.

திறக்கும் பிடி முன்னால் வந்து நின்றது. யாரும் இழுக்கவில்லை, ஆனால் இழுத்த நிலையில் நின்றது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது கயிறு. தொட்டேன். நனைந்து, முறுக்கேறி, கம்பியைப் போல விறைத்திருந்தது. அன்றைக்கு நான் கட்டியபோது அது காய்ந்த பருத்திக் கயிறு. நமது வீடுகளில் துணி காயப்போடுகிற கயிறு மழை பெய்தால் என்ன செய்யும்? சுருங்கும், கம்பை வளைக்கும். அது தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கிற பிள்ளைகளுக்கே தெரியும். எனக்கும் தெரியும். கயிறு என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அதைக் காப்பு என்று பார்த்தேன். தாம்பாளத்தில் வைத்தேன், கும்பிட்டேன், கட்டினேன், இறுக்கினேன். கயிற்றைக் கயிறாக ஒரு தடவையும் பார்க்கவில்லை.

காரைத் திரும்பக் கூரைக்கு அடியில் கொண்டுவந்தோம். பிளாஸ்டிக்கைச் சூடுகாட்ட நான் வைத்திருந்த தலைமயிர் காயவைக்கிற மெஷினை எடுத்துக் கயிற்றில் காற்றுப் பிடித்தேன். மல்லிகா, டீச்சர், பிள்ளை மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிறு மெல்ல மெல்லத் தளர்ந்தது. திடீரென்று பிடி பழைய இடத்துக்குத் திரும்பியது.

டக்.

எல்லாரும் துள்ளினோம். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்து மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்த நான்தான் எல்லாரையும்விட உயரமாகத் துள்ளினேன் என்று மல்லிகா இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறாள்.

கதவை மூடி, கயிற்றில் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தோம். தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம். டக். கூரை விளக்கு எரிந்தது. கதவு விலகியது.

"அப்ப தாத்தா இல்லையா?" என்றாள் பிள்ளை.

நான் மெஷினின் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன். 

"கயிறு தாத்தா கட்டுனதுதானே பாப்பா," என்றாள் மல்லிகா.

இப்போது தொழில் விஷயம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். முதலில் அந்தக் கூடு உடைந்துகொண்டே இருந்ததே, அதுதான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கயிறு சுருங்கி இழுக்கும்போதெல்லாம் விளிம்பு பிளந்து இடம் கொடுத்தது, இழுப்பு அதோடு தீர்ந்தது. டீச்சர் கேட்ட தட்டும் அந்தப் பிளவு விரிகிற சத்தம்தான். நான் என்ன செய்தேன்? கம்பி வலை வைத்து, உடையாதபடி ஆக்கினேன். உடைவதற்கு இடமில்லாத இழுப்பு முழுவதும் கதவின் பூட்டுக்குப் போனது. என் ஆயுளிலேயே நான் செய்த மிகக் கெட்டியான ஒட்டு அது. அதுதான் கதவைத் திறந்துவிட்டது.

அதனால் ஒரே சாமான் ஒரே இடத்தில் இரண்டாம் தடவை உடைந்து வந்தால், பசையைக் கீழே வையுங்கள். அதைப் பலப்படுத்த நினைக்காதீர்கள். எது இழுக்கிறது, எது தள்ளுகிறது என்று கையால் தடவித் தேடுங்கள். சாமி சாமானாக இருந்தாலும் தேடுங்கள், கும்பிட்டுவிட்டுத் தேடுங்கள். தேடி முடிகிறவரை வண்டியை வெளியே விடாதீர்கள். வண்டி போனால் போதும் என்று உங்களுக்குத் தோன்றுகிற நாள் வரும். அன்றைக்குச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

கயிற்றை அவிழ்க்க டீச்சர் என்னை விடவில்லை, அவரே அவிழ்த்தார். முடிச்சு நகத்துக்கு இளகவில்லை. "எங்கப்பா முடிச்சு இவ்வளவு இறுக்கமா இருக்காதே," என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவருடைய தளர்ந்த முடிச்சுக்கே ஒரு தடவை பிளந்தது, அதற்குப் பிறகு அந்தக் கதவில் ஒரு பேய் இருந்ததென்றால் அதை இழுத்துக் கட்டிவைத்தவன் நான்தான்.

எப்போதோ உடைந்து கிடந்த கதவின் பூட்டுக் குமிழுக்குப் புதுசு செய்து போட்டேன். தாத்தா உள்ளேயிருந்து திறக்கவேண்டும் என்று எடுத்துவிட்டிருந்த குழந்தைப் பூட்டைத் திரும்ப மாட்டினேன். காப்புக் கயிற்றை எங்கே கட்டுவது என்று யோசித்தோம். பிள்ளைதான் இடம் சொன்னாள். பின்சீட்டு பெல்ட்டின் மேல்பட்டையில், அவள் தோளுக்குப் பக்கத்தில், எதையும் இழுக்காதபடி தளர்வாகக் கட்டினோம். அதுவரைக்கும் பெல்ட் என்றால் அழுகிறவள், அன்றைக்குத் தானாகவே மாட்டிக்கொண்டாள். தாத்தா பிடித்துக்கொள்கிறாராம்.

டீச்சர் அதற்குப் பிறகு வேலைக்கென்று வரவில்லை. கொஞ்ச நாளைக்கு முன்னால் போனில் பேசினார். பின்னால் பிள்ளை பாடுகிற சத்தம் கேட்டது.

"எப்படி டீச்சர், தட்டுதா?"

"இல்ல அண்ணே. சத்தமே இல்ல. ஆனா இவ விடமாட்டேங்கிறா. ஏறி உக்காந்து பெல்ட்ட போட்டு, கதவுல ரெண்டு தட்டு தட்டுவா. அப்பதான் நான் வண்டிய எடுக்கணும்."

"ரெண்டு தட்டுன்னா போகலாம், சரிதானே. மிஸ்ட்டுல எங்கயாச்சும் ஒரு தட்டு கேட்டா என்ன செய்வீங்க?"

கேலிக்குத்தான் கேட்டேன். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நிப்பாட்டுவேன் அண்ணே. யாரு தட்டுனாலும் நிப்பாட்டி எறங்கி பாத்துட்டுத்தான் போவேன்."

போனை வைத்தேன். மேலே ரயில் பாதையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. கொய்யா மரம் மறைந்துவிட்டிருந்தது. ஒன்றும் நிற்காத வெற்று முற்றத்தில், தகரக் கூரையின் பக்கமிருந்து, ஒரு சத்தம் கேட்டது.

டக்.

"கூரை பீலியில தண்ணி சொட்டுதுங்க," என்றாள் மல்லிகா குசினியிலிருந்து.

இருக்கலாம். செருப்பைப் போட்டுக்கொண்டு, விளக்குமாற்றை எடுக்காமல், வெறுங்கையோடு பார்க்கப் போனேன்.